முட்டைக்குள் திணறும் குஞ்சு: எப்போது கை வைக்கலாம், எப்போது கூடாது

இன்குபேட்டர் வாங்கி முதல் பேட்ச் முட்டை வைத்தவர்கள் எல்லோருக்கும் இருபதாம் நாள் ராத்திரி ஒரே தவிப்புதான். சாயங்காலம் ஒரு முட்டையில் சின்னதாக விரிசல் தெரிந்தது. உள்ளே கீச்சு கீச்சென்று சத்தம் கேட்டது. விடியற்காலையில் எழுந்து பார்த்தால் அதே விரிசல், அதே அளவு. சத்தம் மட்டும் குறைந்திருக்கிறது. பக்கத்து முட்டையில் வந்த குஞ்சோ இறகு உலர்ந்து ஓடித் திரிகிறது. "பாவம், கொஞ்சம் உரித்து விட்டால் என்ன?" என்று கை பரபரக்கும்.

பெரும்பாலான நேரம் அதற்குப் பதில் "இன்னும் இல்லை" என்பதுதான். சில நேரம் "ஆமாம், இப்போதே" என்பதும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கடிகாரம் ஓரளவுக்கு உதவும். முடிவைச் சொல்வது சவ்வில் ஓடும் ரத்தம். கூடவே இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உதவி என்றால் குஞ்சை வெளியே எடுத்துப் போடுவது இல்லை. மூச்சுக்கு வழி விடுவது, காய்ந்த சவ்வை ஈரமாக்குவது, அப்புறம் கையை எடுத்துக்கொள்வது, அவ்வளவுதான்.

கீழே உள்ள கணக்கெல்லாம் கோழி முட்டைக்கு, குறிப்பாக வீட்டில் சிறு இன்குபேட்டரிலோ தெர்மோகோல் பெட்டியிலோ நாட்டுக்கோழி முட்டை வைப்பவர்களுக்கு.

உள்ளே நடப்பது என்ன

பதினெட்டு, பத்தொன்பதாம் நாள் வரை குஞ்சு நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. ஓட்டின் உட்புறம் முழுக்க ஒட்டியிருக்கும் சவ்வில் ரத்த நாளங்கள் வலை மாதிரி படர்ந்திருக்கும். ஓட்டில் உள்ள நுண்துளைகள் வழியாக வரும் காற்றை அந்த நாளங்கள்தான் வாங்கிக் குஞ்சுக்குக் கொடுக்கின்றன. முட்டையின் அகன்ற முனையில் ஒரு காற்றறை இருக்கிறது. முட்டையில் இருந்து நீர் ஆவியாக ஆவியாக இந்த அறை பெரிதாகிக்கொண்டே வரும்.

பத்தொன்பது, இருபதாம் நாளில் குஞ்சு உள்சவ்வைக் கிழித்து அலகைக் காற்றறைக்குள் நீட்டும். நுரையீரல் வேலை செய்யத் தொடங்குவது அப்போதுதான். முட்டைக்குள் இருந்து கேட்கும் முதல் சத்தமும் அப்போதுதான். இதை உள்கொத்து என்று வைத்துக்கொள்வோம். கொஞ்ச நேரத்தில் அறையில் இருக்கும் காற்று போதாமல் போகிறது, கரியமில வாயு கூடுகிறது. கழுத்துக்குப் பின்னால் இதற்கென்றே பருத்திருக்கும் தசை வெட்டி வெட்டி இழுக்க, அலகின் நுனியில் உள்ள வெள்ளைப் புள்ளியான முட்டைப்பல் ஓட்டில் மோதுகிறது. விரிசல் விழுகிறது. இது வெளிக்கொத்து.

புதியவர்கள் பயப்படும் கட்டம் இதற்குப் பிறகுதான் வருகிறது. விரிசல் விட்ட குஞ்சு அப்படியே படுத்துவிடும். பத்து மணி நேரம், பதினைந்து மணி நேரம், சிலது ஒரு நாள் முழுக்கவும் கிடக்கும். இடையிடையே கீச்சிடும், அலகை அசைக்கும், மறுபடி தூங்கும். வெளியே பார்க்க ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். ஆனால் முக்கியமான இரண்டு வேலைகள் இந்த நேரத்தில்தான் முடிகின்றன. சவ்வில் ஓடிய ரத்தம் குஞ்சின் உடம்புக்குத் திரும்புகிறது. மிச்சமிருக்கும் மஞ்சள் கரு தொப்புள் வழியாக வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. இரண்டும் முடிந்த பிறகு குஞ்சு தானாகவே விழித்து, முட்டையின் அகன்ற முனையில் இருந்து பார்த்தால் இடஞ்சுழியாக, உடம்பைத் திருப்பித் திருப்பி ஓட்டை வட்டமாக அறுக்கும். மூடியைக் காலால் உந்தித் தள்ளிவிட்டு வெளியே வரும். இந்தக் கடைசிப் பகுதி பல குஞ்சுகளுக்கு ஒரு மணி நேரத்திலேயே முடிந்துவிடும்.

படுத்திருக்கும் கட்டத்தில் நீங்கள் உரிக்கப் போனால் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும் நாளத்தை அறுப்பீர்கள். இல்லையென்றால் தொப்புள் மூடாமல் மஞ்சள் கரு வெளியே தொங்கும் குஞ்சு கையில் வரும். உதவி செய்து செத்த குஞ்சுகளில் பெரும்பாலானவை இப்படிப் போனவைதான்.

பென்சிலும் கடிகாரமும்

விரிசலைப் பார்த்தவுடன் மூடியைத் திறக்காமல் ஒரு காகிதத்தில் நேரத்தை எழுதுங்கள். எந்த முட்டை என்று தெரிய வைக்கும்போதே ஓட்டில் பென்சிலால் எண் போட்டிருந்தால் நல்லது. மார்க்கர் பேனா வேண்டாம். "ரொம்ப நேரமாகக் கிடக்கிறது" என்று நமக்குத் தோன்றுவது பல சமயம் ஆறு மணி நேரம்தான் இருக்கும். தூக்கமில்லாத ராத்திரியில் நேரம் நீண்டு தெரியும்.

உள்கொத்து முடிந்து வெளிக்கொத்து வர 24 மணி நேரம் வரை ஆகலாம். வெளிக்கொத்தில் இருந்து வட்டமாக அறுக்கத் தொடங்க இன்னொரு 24 மணி நேரம் வரை கொடுக்கலாம். வட்டம் அறுக்கத் தொடங்கிப் பாதியில் நின்றுபோனால் மட்டும் கணக்கு வேறு. இரண்டு மூன்று மணி நேரத்தில் கவனிக்க வேண்டும்.

வாத்துக்கு இதே கணக்கைப் போடாதீர்கள். வாத்து முட்டைக்கு 28 நாள், மணிலா வாத்துக்கு 35. கொத்திய பிறகும் அவை கோழியைவிட நிதானமாகத்தான் வரும், இரண்டு நாள் வரை எடுத்துக்கொள்வது சாதாரணம். வான்கோழிக்கு 28 நாள், கினிக்கோழிக்கு 26 முதல் 28. ஜப்பானியக் காடை 17, 18 நாளிலேயே வந்துவிடும், எல்லாமே வேகம்.

அப்புறம் கோழி முட்டைக்குச் சொல்லும் 21 நாள் என்பது சராசரி. வெப்பம் அரை டிகிரி குறைவாக ஓடியிருந்தால் 22, 23 ஆகும். கரண்ட் போய்ப் போய் வந்திருந்தாலும், பத்து நாள் சேர்த்து வைத்த பழைய முட்டையாக இருந்தாலும் தாமதம்தான். சாயங்காலம் வைத்த முட்டைக்கு மறுநாள் சாயங்காலம்தான் முதல் நாள் முடிகிறது. வைத்த நாளையே ஒன்று என்று எண்ணி ஒரு நாள் முன்னாலேயே பதறுகிறவர்கள் நிறைய. விரிசலே இல்லாத முட்டையை 21-ஆம் நாள் உடைத்துப் பார்க்க எந்தக் காரணமும் கிடையாது.

மூடியைத் திறக்காதீர்கள்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு குஞ்சுக்கு உதவப் போய் நான்கு குஞ்சுகளைச் சிக்கவைப்பது இங்கேதான் நடக்கிறது. பதினெட்டாம் நாளுக்குப் பிறகு பெட்டிக்குள் ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம் இருக்க வேண்டும். மூடியைத் திறந்த உடனே அது விழுந்துவிடும். விரிசல் விட்ட முட்டைக்குள் உலர்ந்த காற்று போனால் சவ்வு காய்ந்து, ஈரத்துணி உடம்போடு ஒட்டிக் காய்ந்த மாதிரி குஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் குஞ்சால் தலையைத் திருப்ப முடியாது.

வந்துவிட்ட குஞ்சுகள் பசியில் கத்துகின்றன என்று அவற்றை எடுக்கத் திறக்க வேண்டியதில்லை. வயிற்றில் இருக்கும் மஞ்சள் கரு அவற்றுக்கு இரண்டு நாளுக்கு மேல் தாங்கும். பொரிப்பகங்கள் ஒரு நாள் குஞ்சுகளைத் தீனியும் தண்ணீரும் இல்லாமல் அட்டைப் பெட்டியில் தொலைதூரத்துக்கு அனுப்ப முடிவது இதனால்தான். ஒரு நாள் வரை உள்ளேயே விட்டுவிடுங்கள். அவை கத்துவதும் நல்லதுக்குத்தான். பக்கத்து முட்டைகளின் சத்தம் பின்தங்கிய குஞ்சை வேகப்படுத்தும் என்பதை 1960களில் கேம்பிரிட்ஜில் மார்கரெட் வின்ஸ் என்ற ஆய்வாளர் காடை முட்டைகளை வைத்துக் காட்டியிருக்கிறார்.

திறந்தே ஆக வேண்டும் என்றால், முதலில் தட்டில் வெந்நீர் ஊற்றியோ நனைத்த ஸ்பாஞ்ச் வைத்தோ ஈரத்தை ஏற்றிவிட்டு, வேண்டிய முட்டையை மட்டும் சட்டென்று எடுத்து மூடுங்கள்.

என்ன சிக்கல் என்று பார்ப்பது

ஒரே மாதிரி தெரியும் திணறலுக்குள் பல வகை இருக்கிறது. வகையைப் பொறுத்துதான் வைத்தியம்.

சவ்வு காய்ந்துபோனது முதல் வகை. துளையின் ஓரத்தில் தெரியும் சவ்வு வெள்ளையாக, ஈரமாக இல்லாமல் மஞ்சளாகவோ பழுப்பாகவோ தோல் மாதிரி விறைத்திருக்கும். அலகு அசையும், தலை திரும்பாது. சத்தத்தில் ஒரு எரிச்சல் கேட்கும். தவறு இன்குபேட்டரின் மேல், குஞ்சின் மேல் இல்லை. நேரமும் ஆகியிருந்தால் உதவலாம். உதவி பலிக்கும் வகையும் இதுதான்.

இரண்டாவது, அதற்கு நேர் எதிர். முதல் பதினெட்டு நாள் ஈரம் கூடிப்போய், முட்டையில் இருந்து போக வேண்டிய நீர் போகவில்லை. காற்றறை சின்னதாக இருக்கும். குஞ்சு ஊதிப்போய்த் திரும்ப இடமில்லாமல் கிடக்கும். துளையில் பசை மாதிரி நீர் கசியும், அது மூக்கை அடைத்தால் குஞ்சு மூழ்கிச் செத்துவிடும். துளை மேல் பக்கம் இருக்கும்படி முட்டையைத் திருப்பி வைத்து, அலகின் மேலுள்ள மூக்குத் துளைகளைக் காதுக் குச்சியால் ஒற்றி எடுங்கள். முதலில் இதைச் செய்தால் போதும்.

மூன்றாவது, கூர்முனையில் கொத்தியிருப்பது. முட்டைக்குள் குஞ்சு தலைகீழாக இருக்கிறது என்று பொருள். இங்கே காற்றறை இல்லாததால், நுரையீரல் மூச்சு தொடங்குவதும் ரத்தம் உள்ளே போவதும் வழக்கமான வரிசையில் நடப்பதில்லை. பார்த்தவுடன் பதறி உரிக்கிறார்கள். உண்மையில் இதற்குத்தான் கூடுதல் பொறுமை வேண்டும். இப்படிக் கொத்தியவற்றில் பல தானாகவே வந்துவிடும். அலகுக்கு முன்னால் காற்றுத் துளை திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அடைத்திருந்தால் ஓடு ஒரு சில்லு எடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

நான்காவது, உள்கொத்து முடிந்து 24 மணி நேரம் தாண்டியும் ஓட்டில் விரிசலே இல்லை. சத்தம் கேட்கிறது, இருட்டில் மொபைல் டார்ச் வைத்துப் பார்த்தால் காற்றறைக்குள் அலகின் நிழல் ஆடுகிறது. ஓடு தடிமனாக இருக்கலாம், அலகு தவறான கோணத்தில் இருக்கலாம். மூச்சுத் துளை ஒன்று போட்டுக் கொடுக்கலாம்.

பாதி வட்டம் அறுத்து நின்றுபோனது ஐந்தாவது. அறுக்கத் தொடங்கிவிட்டது என்றாலே உள்வேலை ஏறக்குறைய முடிந்திருக்கும். ஆகவே கை வைக்க ஆபத்துக் குறைவான இடமும் இதுதான்.

இதில் எதிலும் சேராமல், எல்லாம் சரியாக இருந்தும் ஒரு குஞ்சு மட்டும் தள்ளாடுவது உண்டு. தாய்க்கோழிக்குச் சத்துக் குறைவு, நெருங்கிய ரத்தத்தில் சேர்த்தது, பிறவிக் குறை எதுவாகவும் இருக்கலாம். அதற்கு உதவுவதா என்பதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

தயாராக வைத்துக்கொள்ள வேண்டியவை

நல்ல டார்ச், காதுக் குச்சிகள், கொதிக்கவைத்து வெதுவெதுப்பாக ஆறிய தண்ணீர், முனை மழுங்கிய சின்ன ட்வீசர், நெருப்பில் காட்டி ஆறவைத்த ஊக்கு, சில சொட்டுத் தேங்காய் எண்ணெய், டிஷ்யூ காகிதம், கொஞ்சம் கார்ன்ஃப்ளார், பீட்டாடின். இவ்வளவு போதும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், நகத்தை வெட்டிவிடுங்கள்.

இடம் ரொம்ப முக்கியம். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து செய்தால் ஐந்து நிமிடத்தில் சவ்வு காய்ந்துவிடும். குளியலறையில் இரண்டு வாளி வெந்நீர் பிடித்து, ஆவி பரவியதும் கதவைச் சாத்திக்கொண்டு செய்வது நல்ல வழி. வியர்த்துக் கொட்டும், பரவாயில்லை.

கை வைக்கும் முறை

விரிசலே இல்லாத முட்டை என்றால் மூச்சுத் துளையில் தொடங்குங்கள். டார்ச் வைத்துக் காற்றறையின் எல்லையைப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோட்டுக்கு நன்றாக மேலே, அலகின் நிழல் படாத இடத்தில், ஊக்கு முனையைக் குத்தாமல் விரலால் உருட்டி உருட்டித் துளையுங்கள். சட்டென்று அழுத்தினால் ஊக்கு உள்ளே பாயும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் போதும். முட்டையை இன்குபேட்டரில் வைத்துவிட்டுப் போய் வேறு வேலை பாருங்கள். குறைந்தது பன்னிரண்டு மணி நேரத்துக்கு அதைத் தொடக்கூடாது. துளை மூச்சுக்கான நெருக்கடியைத் தீர்த்துவிட்டது, இனி அவசரம் இல்லை.

அதற்கு மேல் போக வேண்டிய நிலை என்றால், அடுத்த வேலை ரத்தம் பார்ப்பது. கோட்டுக்கு மேல், அதாவது காற்றறையின் மேலுள்ள ஓட்டை மட்டும், சில்லு சில்லாக எடுங்கள். அதற்கடியில் இருக்கும் வெளிச்சவ்வு காகிதம் மாதிரி உலர்ந்து வெள்ளையாக இருக்கும். அதில் ரத்தம் கிடையாது, எடுக்கலாம். அதன் பிறகு தெரிவது குஞ்சைப் போர்த்தியிருக்கும் உள்சவ்வு. வெதுவெதுப்பான நீரில் காதுக் குச்சியை நனைத்து அதன் மேல் தடவுங்கள். வெள்ளையாக இருந்த சவ்வு கண்ணாடி மாதிரி தெளிந்து, அடியில் இருப்பது தெரியும். தேங்காய் எண்ணெயிலும் அப்படித் தெளியும், சீக்கிரம் காயாது என்பது கூடுதல் வசதி. ஆனால் மூக்குத் துளையில் படக்கூடாது, மீதி ஓட்டிலும் பூசக்கூடாது. ஓட்டின் நுண்துளைகள் அடைந்துவிடும்.

தெளிந்த சவ்வில் சிவப்பாக, தடித்த கோடுகள் தெரிந்தால் நிறுத்துங்கள். ஓடு திறந்த வாயை ஈர டிஷ்யூவால் தளர்வாகப் போர்த்தி, மூக்குப் பக்கம் மட்டும் திறந்துவிட்டுத் திரும்ப உள்ளே வையுங்கள். நான்கிலிருந்து ஆறு மணி நேரம் கழித்து மறுபடி ஈரப்படுத்திப் பாருங்கள். கோடுகள் மெலிந்து மங்கியிருந்தால், அல்லது ஒன்றுமே இல்லையென்றால் மேலே போகலாம்.

இன்னொரு அடையாளம் குஞ்சின் வாய். கொட்டாவி விடுவது போல வாயைத் திறந்து மூடுவது, மெல்லுவது போல அசைப்பது எல்லாம் தொடர்ந்து நடந்தால் மஞ்சள் கரு இன்னும் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நாளம் தெரியாவிட்டாலும் காத்திருங்கள். தயாரான குஞ்சு முரண்டு பிடிக்கும், தலையால் முட்டும், உந்தும்.

ரத்தம் இல்லை, குஞ்சு முட்டுகிறது என்றால் முதலில் அலகையும் மூக்கையும் விடுவியுங்கள். சவ்வை ஈரப்படுத்திக்கொண்டே தலையின் மேலிருந்து பின்னோக்கி உருட்டி விலக்குங்கள். இறகில் ஒட்டியிருந்தால் இழுக்காமல் நனைத்து ஊறவையுங்கள். ஒரு துளி ரத்தம் தெரிந்தாலும் அந்த இடத்தில் உலர்ந்த காதுக் குச்சியால் கார்ன்ஃப்ளாரை ஒற்றி, ஒரு நிமிடம் மெல்ல அழுத்திப் பிடித்து, ரத்தம் நின்றதும் உள்ளே வைத்துவிடுங்கள். அன்றைக்கு அவ்வளவுதான். சில மணி நேரம் கழித்துத் தொடரலாம்.

தலை வெளியே வந்ததும் நிறுத்த வேண்டும். எல்லோரும் தடுமாறுவது இங்கேதான். தலை வந்துவிட்டதே, மீதியையும் எடுத்துவிடலாம் என்று ஆசை வரும். வேண்டாம். தொப்புள் இருப்பது கீழ்ப்பாதியில், அங்கே இன்னும் நாளம் ஒட்டியிருக்கலாம். உங்கள் கண்ணுக்கு அது தெரியாது. கீழ்ப்பாதி ஓட்டை அப்படியே விட்டு இன்குபேட்டரில் வைத்தால் குஞ்சு காலால் உந்தித் தானாக வெளியேறும். கால் பலம் பெறுவதும் அந்த உந்தலில்தான். சில குஞ்சுக்கு அரை மணி நேரம், சிலதுக்கு ஒரு ராத்திரி. மறுநாளும் அப்படியே கிடந்தால், ஈர டிஷ்யூ மேல் முட்டையைச் சாய்த்துக் குஞ்சு வழுக்கி வரும்படி விடுங்கள். பிடித்து இழுக்க வேண்டாம்.

வெளியே வந்த குஞ்சின் தொப்புளில் காய்ந்த நூல் மாதிரி ஏதாவது தொங்கினால் வெட்டாதீர்கள், பிய்க்காதீர்கள், ஓரிரு நாளில் உதிர்ந்துவிடும். நீர் கலந்த பீட்டாடின் ஒரு தொடல் போதும். மஞ்சள் கரு கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டிருந்தால், ஈர டிஷ்யூ விரித்த சின்னக் கிண்ணத்தில் குஞ்சைப் பொருந்தி உட்காரும்படி வைத்து, கிண்ணத்தோடு இன்குபேட்டரில் விடுங்கள். அசையாமல் இருந்தால் பல நேரம் உள்ளே போய்விடும். மற்ற குஞ்சுகள் சிவப்பைக் கண்டால் கொத்தும், அதனால் தனியாக வைப்பது அவசியம். குடலே வெளியே வந்திருந்தால் பிழைக்காது. அதை இழுத்தடிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் வலியில்லாமல் முடித்துவிடுவது நல்லது.

வெளியே வந்த பிறகு

உதவி பெற்ற குஞ்சு பார்க்க அழுக்காக, இறகு ஒட்டிப்போய் இருக்கும். ஒரு நாள் இன்குபேட்டரிலேயே உலரட்டும். குளிப்பாட்டுகிறேன் என்று தண்ணீரில் முக்காதீர்கள். அப்புறம் புரூடரில் (குஞ்சுகளைச் சூடாக வைத்து வளர்க்கும் பெட்டியில்) முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ், அதன் பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைக்கலாம்.

கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து நிற்க முடியாமல் போவது இப்படிப்பட்ட குஞ்சுகளுக்கு அடிக்கடி வரும். முதல் இரண்டு நாளுக்குள் பார்த்தால் சரிசெய்துவிடலாம். பேண்ட் எய்டை நீளவாக்கில் மெல்லிய பட்டையாக வெட்டி, இரண்டு கால்களையும் இயல்பாக நிற்கும் இடைவெளியில் தளர்வாகக் கட்டுங்கள். தரையில் செய்தித்தாள் போடாதீர்கள், வழுக்கும். சொரசொரப்பான துணியோ ரப்பர் பாயோ போடுங்கள். மூன்று நாளில் பெரும்பாலும் நேராகிவிடும். விரல் சுருண்டிருந்தால் விரித்து அட்டைத் துண்டில் வைத்து டேப் ஒட்டலாம். பல குஞ்சுகளுக்கு அப்படி இருந்தால் தாய்க்கோழித் தீனியில் ரைபோஃபிளேவின் (வைட்டமின் பி2) குறைவு என்று சந்தேகியுங்கள்.

அடைக்கோழியின் கீழ் என்றால்

அடைக்கோழி இருக்கும்போது இந்தக் கட்டுரையில் முக்கால்வாசி உங்களுக்குத் தேவையில்லை. அவள் வயிற்றின் ஈரமும் சூடும் எந்தப் பெட்டியையும்விடச் சரியாக இருக்கும். மணிக்கொருமுறை தூக்கித் தூக்கிப் பார்ப்பதுதான் கெடுதல். இடி இடித்தால் முட்டை கெடும் என்று கூடையில் இரும்புத் துண்டும் கரியும் காய்ந்த மிளகாயும் போட்டு வைப்பார்களே, அதனால் நன்மை தீமை இரண்டும் இல்லை, போடுகிறவர்கள் போடட்டும். ஆனால் இருபதாம் நாள் முட்டையைத் தண்ணீரில் மிதக்கவிட்டு ஆடுகிறதா என்று பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் உள்ளே தண்ணீர் போய்க் குஞ்சு செத்துவிடும்.

நீங்கள் தலையிட வேண்டிய ஒரே சமயம், முதலில் வந்த குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு கோழி இறங்கிப் போய், விரிசல் விட்ட முட்டைகள் கூடையில் குளிர்ந்து கிடக்கும்போது. உடனே இன்குபேட்டருக்கோ பல்பு போட்ட பெட்டிக்கோ மாற்றுங்கள். வந்த குஞ்சை அன்று இருட்டிய பிறகு கோழியின் இறக்கைக்குள் நுழைத்துவிட்டால் பெரும்பாலும் சேர்த்துக்கொள்ளும்.

அடுத்த பேட்ச்சுக்கு

ஒரு பேட்ச்சில் ஒரு குஞ்சு சிக்கினால் அது அந்தக் குஞ்சின் கதை. ஐந்தாறு சிக்கினால் அது இன்குபேட்டரின் கதை. 23, 24-ஆம் நாளிலும் அசைவில்லாத முட்டைகளைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் உடைத்துப் பாருங்கள். கூமுட்டை வெடித்தால் நாற்றம் தாங்காது, வீட்டுக்குள் வேண்டாம். முழுதாக வளர்ந்து, சுற்றிலும் நீர் தேங்கிச் செத்திருந்தால் ஈரம் அதிகம். சவ்வு ஒட்டிக் காய்ந்திருந்தால் கடைசி மூன்று நாளில் ஈரம் போதவில்லை.

ஈரமானியின் முகத்தை நம்பாதீர்கள். மலிவான கருவிகள் பத்துப் பதினைந்து சதவீதம் தவறாகக் காட்டுவது சகஜம். ஒரு மூடியில் கல்லுப்பைப் போட்டுக் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் குழைத்து, அதையும் ஈரமானியையும் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு ராத்திரி மூடி வையுங்கள். காலையில் 75 சதவீதம் காட்ட வேண்டும். எவ்வளவு கூடவோ குறையவோ காட்டுகிறதோ அதைக் கழித்தோ கூட்டியோ படித்துக்கொள்ளலாம். விசிறி உள்ள இன்குபேட்டருக்கு 37.5 டிகிரி செல்சியஸ். விசிறி இல்லாத பெட்டிக்கு முட்டையின் மேல்மட்டத்தில் அளந்தால் 38.5 அளவில் இருக்க வேண்டும்.

இதைவிட நம்பகமானது தராசு. சமையலறை டிஜிட்டல் தராசில் வைக்கும் நாளில் ஒரு தட்டு முட்டையை நிறுத்து எழுதிவையுங்கள். பதினெட்டாம் நாளுக்குள் எடையில் 11 முதல் 13 சதவீதம் குறைந்திருக்க வேண்டும். 50 கிராம் முட்டை என்றால் ஆறு கிராம் அளவு. ஏழாம் நாளிலும் பதினான்காம் நாளிலும் நிறுத்துப் பார்த்தால் போகிற போக்கு தெரிந்துவிடும், தண்ணீரைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யலாம். சென்னை, நாகப்பட்டினம் மாதிரிக் கடலோரத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையில் முதல் பதினெட்டு நாள் தட்டில் தண்ணீரே தேவைப்படாமல் போகலாம். கரூர், ஈரோடு பக்கம் சித்திரை வெயிலில் தினம் இரண்டு தடவை ஊற்றினாலும் போதாமல் இருக்கலாம். விற்பனையாளர் கொடுக்கும் சீட்டில் உள்ள ஒரே கணக்கு இரண்டு ஊருக்கும் எப்படிப் பொருந்தும்?

கரண்ட் போனால் திறக்காமல் மேலே கம்பளி போர்த்துங்கள், காற்றுத் துளைகளை மட்டும் அடைக்காதீர்கள். கடைசி நாட்களில் குஞ்சுகளே சூடு தரும், ஓரிரு மணி நேரம் தாங்கும்.

உதவவே கூடாது, தானாக வர முடியாதது வாழத் தகுதியில்லாதது என்று சொல்லும் பழைய வளர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகச் சேவல் வழி பார்த்து இனம் காப்பவர்கள் அப்படிச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கரண்ட் போனதாலும் நாம் மூடியைத் திறந்ததாலும் சவ்வு காய்ந்த குஞ்சின் மேல் அந்தக் குற்றத்தைப் போட முடியாது. காரணம் பெட்டி என்று தெரிந்தால் நான் உதவுவேன். எல்லாம் சரியாக ஓடிய பேட்ச்சில் ஒன்று மட்டும் தள்ளாடினால் மூச்சுத் துளையோடு நிறுத்திக்கொள்வேன். எப்படியானாலும், உதவி பெற்று வந்த குஞ்சுக்குக் காலில் ஒரு நிற வளையம் போட்டு வையுங்கள். வளர்ந்து முட்டை இடட்டும், அந்த முட்டையைச் சாப்பிடுங்கள். அடைக்கு வைக்க வேண்டாம், சேவலாக இருந்தால் இனச்சேர்க்கைக்கும் விட வேண்டாம். வளையம் போடாவிட்டால் ஆறு மாதம் கழித்து மந்தையில் எது எது என்று உங்களுக்கே தெரியாது.